மேலப்பக்கம் எந்தப் பக்கம்

இணையதளம் செய்து தரச் சொல்லி யார் வந்தாலும் இசக்கிசெல்வி முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: "ஒங்க கடை எந்தப் பக்கம் பாத்து இருக்கு அண்ணாச்சி?"

வந்தவர் முழிப்பார். என்ன நிறம் வேண்டும், எத்தனை படம் போட வேண்டும் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்து வந்திருப்பார். இவள் வாஸ்து பார்க்கிறவளைப் போல வாசல் திசையைக் கேட்கிறாள். ஒருவர் திசையோடு நிற்காமல் தன் ராசியையும் நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அதையும் அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்தக் கேள்வி அவளுக்குக் கிடைத்தது ஒரு கருப்பட்டிக் கடையில்.

இசக்கிசெல்வி தூத்துக்குடியில் பிறந்து, இங்கேயே கல்லூரியில் கணினி படித்து, வேலைக்குச் சென்னை போனவள். பல வருஷம் அங்கே இருந்தாள். போன மழைக்காலத்தில் அவள் அப்பா தளவாய் இறந்துபோனார். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை பார்த்தவர். காரியம் முடிந்த பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை. அம்மா முருகேஸ்வரியைத் தனியே விட மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனி சிறிது காலம் சம்மதித்தது. பிறகு, மாத முடிவுக்குள் சென்னை வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டது.

"நீயும் என்கூட வந்துரும்மா" என்றாள் அம்மாவிடம்.

"அந்த ஊர்ல எனக்குக் காத்தே பிடிக்காது."

"அங்கயும் கடல் இருக்கும்மா."

"அது வேற கடல்."

அதற்கு மேல் பேச முடியவில்லை. ஊரிலேயே சொந்தமாக வேலை பிடித்தால் இருக்கலாம். இல்லையென்றால் மாத முடிவில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போது கிடைத்தவர்தான் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. உடன்குடிக்காரர். தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு வியாபாரம். மும்பையிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்கள் ஊர்க் கருப்பட்டி கேட்டு அலைகிறார்கள், அவர்களுக்கு அனுப்ப ஒரு சைட் வேண்டும் என்றார். அந்த வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். அவர் ஒரு தராசு வாங்கினால் மறுமாதம் வரிசை முழுக்க அதே தராசு இருக்கும். அண்ணாச்சி ஒரு தடவை "சரி" என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஊரிலேயே பிழைப்பு உண்டு. அவர் உதட்டைப் பிதுக்கினால் சென்னை ரயில்.

இந்த மாதிரி சைட்டுகளுக்குத் தயாராகவே ஒரு தீம் கிடைக்கும். கட்டி முடித்த வீடு மாதிரி அது. பெயர்ப்பலகைக்கு ஓர் அறை, நடுவில் சரக்குக்கு ஓர் அறை, அடியில் முகவரிக்கு ஓர் அறை என்று பிரித்து வைத்திருப்பார்கள். இந்த அறைகளைத் தொழிலில் ரீஜன் என்பார்கள். எந்த அறையில் எதை வைப்பது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். ஆனால் வீட்டில் இல்லாத அறை வேண்டுமென்றால் கொத்தனார் வர வேண்டும். இசக்கிசெல்வி அப்படிப்பட்ட கொத்தனார்.

முதல் வாரமே சைட்டை அனுப்பிவைத்தாள். அண்ணாச்சி போனில் வந்தார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. ஆனா சந்தனமாரிக்கு எடமே இல்லையே."

"யாரு அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி. கடையில பாதி அவதான. மேலப்பக்கமா ஒரு எடம் போட்டுக் குடு."

இசக்கிசெல்வி மேலே ஓர் அறை கட்டினாள். கடைப் பெயருக்கும் மேலே, பக்கத்தின் உச்சியில். வாட்ஸப்பில் வாங்கிய சந்தனமாரியின் படத்தை அதில் வைத்தாள். ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படம். கையில் வாழைப்பழத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது.

"யம்மா, இது என்ன, அவளைத் தலைக்கு மேல தூக்கி வச்சிருக்க?"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "கெட்டிட்டு வந்த நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் என்னையத் தலைமேல வச்சிருக்காரு. எடுக்கச் சொல்லாதிய!"

"நீ சும்மா கெட. மேலப்பக்கம்னா மேக்கம்மா. மேக்க!"

இசக்கிசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பிறந்ததே மேலத்தெருவில். மேலத்தெரு என்ன மேட்டிலா இருக்கிறது? ஊருக்கு மேற்கே இருப்பதால் மேலத்தெரு, கிழக்கே இருப்பதால் கீழத்தெரு. பீரோவை நகர்த்துகிறவர்கள்கூட இங்கே "கொஞ்சம் மேக்க தள்ளு" என்றுதான் சொல்வார்கள். வலது, இடது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வாயில் மட்டும் வருகிற வார்த்தைகள். சென்னையில் இருந்த வருஷங்களில் அவளுக்கு 'மேல' என்றால் உச்சி என்றே ஆகிவிட்டது.

சரி, மேற்கு. அவள் வேலை பார்க்கிற மேசை அப்பாவுடையது. வடக்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் உட்கார்ந்தால் மேற்கு இடது கைப்பக்கம். வரைபடத்திலும் மேற்கு இடதுதான். யோசிக்கவே வேண்டியதில்லை. உச்சியில் இருந்த அறையை இடித்துவிட்டு இடது பக்கம் புதிதாக ஒன்று கட்டினாள். இதில் வேலை இரண்டு. தீமின் பட்டியலில் புதிய அறைக்குப் பெயர் எழுத வேண்டும்; பக்கத்தின் வரைவில் அந்த அறை எங்கே திறக்கும் என்றும் குறிக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதிவிட்டு இடத்தைக் குறிக்காவிட்டால், போர்டில் ஊர்ப்பெயர் போட்ட பஸ் அந்த ஊரில் நிற்காமல் போகிற கதைதான்.

இரண்டையும் ஒழுங்காகச் செய்து அனுப்பினாள். அண்ணாச்சி கூப்பிட்டார்.

"என்னம்மா இது, இப்பக் கீழப்பக்கம் போட்டுட்டியே."

அவள் பக்கத்தின் அடிவரை உருட்டிப் பார்த்தாள். "கீழ ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. அட்ரஸ் மட்டும்தான இருக்கு."

"அட, கீழப்பக்கம்தாம்மா இருக்கா. கடலுக்குள்ள கொண்டு போட்டாப்புல."

தூத்துக்குடியில் கிழக்கே போனால் கடல்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் இடது பக்கம் வைத்த சந்தனமாரி எப்படிக் கிழக்கே போனார் என்பதுதான் புரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். நாள்காட்டியில் மாதம் முக்கால்வாசி கிழிந்திருந்தது.

சாயங்காலம் ஜாய் வந்தாள். நாசரேத்துக்காரி, கல்லூரியில் இவளோடு படித்தவள், இப்போது இங்கே ஒரு கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கிறாள். முருகேஸ்வரி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே கதையைக் கேட்டவளுக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காதளா. எனக்கு வயிறு எரியுது."

"பேசாம வட்டமா ஒரு ரீஜன் கட்டு. எந்தப் பக்கம் பாத்தாலும் அந்த அக்கா நிப்பாவ."

"வேற ஐடியா இருந்தாச் சொல்லு."

ஜாய் தம்ளரைக் கீழே வைத்தாள். "ஏளா, போன்ல கேட்டு வேலை பாக்கதுன்னா அதைச் சென்னையில இருந்தே பாக்கலாமே? கடை இந்தா ரெண்டு பஸ் ஸ்டாப்புல இருக்கு. நேர்ல போயி அந்த மேக்கு எங்கன இருக்குன்னு பாத்துட்டு வா."

இசக்கிசெல்விக்கு அது உறைத்தது. ஊரில் இருப்பதற்காக இத்தனை பாடுபடுகிறவள் ஊரில் இன்னும் கால் வைக்கவேயில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போனாள். கடை தெற்குப் பார்த்த கடை. வாசலில் தெரு; உள்ளே தெருவைப் பார்த்து அண்ணாச்சியின் கல்லா; கல்லாவின் மேல் லேப்டாப். அவள் உள்ளே போய் அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். தெற்குப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடது கைப்பக்கம் கிழக்கு, வலது கைப்பக்கம் மேற்கு. அவள் வீட்டில் மேற்காக இருந்தது இவர் கல்லாவில் கடலாகிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா, என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நான் வடக்க பாத்து உக்காந்திருக்கேன். நீங்க தெக்க பாத்து உக்காந்திருக்கிய."

"ஆமா. கடை தெக்க பாத்துலா இருக்கு. நான் சொவத்தப் பாத்தா உக்காருவேன்?"

அந்த நேரம் ஒருவர் கையில் பொட்டலத்தோடு வேகமாக உள்ளே வந்தார். "போன வாரம் வாங்கின கருப்பட்டி, பூரா இளகிப்போச்சு அண்ணாச்சி!" அண்ணாச்சி தலையைக்கூடத் தூக்கவில்லை. "மேக்க போங்க" என்றார்.

மேற்கே, ஓலைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார்.

"எங்கன வச்சிருந்திய?"

"பிரிஜ்ஜுல."

"பிரிஜ்ஜுல வச்சு வச்சு எடுத்தா இளகாம என்ன செய்யும், எந்திரிச்சி ஆடுமா? வெயில்ல கொஞ்சம் காயவச்சு டப்பாவுல போட்டு மூடுங்க. கருப்பட்டிக்குக் குளுரு ஆகாது. ஒங்க வீட்டம்மா எங்க, அவ இருந்தா இப்படி விடமாட்டாளே?"

"அவ பேத்தி பொறந்திருக்குன்னு கோயம்புத்தூர் போயிருக்கா."

"பேத்தியா! அதைச் சொல்லாம கருப்பட்டியத் தூக்கிட்டு வாரிய!" என்று அவர் கையில் ஒரு சில்லுக்கருப்பட்டியைத் திணித்தார். சண்டைக்கு வந்தவர் பனங்கற்கண்டும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்.

இசக்கிசெல்விக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியது. அந்தக் கடையில் மேக்க என்பது திசை மட்டுமில்லை. சந்தேகம், சண்டை, பக்குவம், ஊர் விசேஷம் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். ரொம்ப வருஷமாக வருகிறவர்கள் "மேக்க ஆளு இருக்கா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் படி ஏறுகிறார்கள். அண்ணாச்சி கேட்டது படம் வைக்க ஓர் இடம் இல்லை. கடையில் பாதியைக் கேட்டிருக்கிறார்.

"மதினி, ஒங்க படத்தை வலது கைப்பக்கம் வச்சிருதேன்" என்றாள்.

"மூஞ்சிய வச்சு என்னத்தளா செய்ய? யாராது கேட்டா நான் பதில் சொல்லாண்டாமா?"

"எழுதுவியளா?"

"எழுத எனக்கு எங்க நேரம்? வாய் இருக்குல்லா."

வீட்டுக்கு வந்து வலது பக்கம் அறையைக் கட்டினாள். பட்டியலில் அதற்கு ஆங்கில எழுத்தில் மேற்கு என்றே பெயர் எழுதினாள். உலகத்தில் எந்தத் தீமிலும் மேற்கு என்ற அறை வலது பக்கம் இருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குள் சந்தனமாரியின் படத்துக்குக் கீழே ஒரு பொத்தான் வைத்து 'மேக்க போங்க' என்று எழுதினாள். அதை அழுத்தினால் கேள்வியைப் பேசி அனுப்பலாம். அது சந்தனமாரியின் போனுக்குப் போகும். அவரும் பேசியே பதில் அனுப்புவார்.

வெள்ளிக்கிழமை, மும்பைக்கும் துபாய்க்கும் சைட் முகவரியை அனுப்பியாகிவிட்டது. கடையில் சாம்பிராணி போட்ட கையோடு வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பக்கத்துப் பாத்திரக் கடை தேவதாசன் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். சிவனணைந்தபெருமாள் சைட்டைத் திறந்தார். கடைப் பெயர் வந்தது, சரக்கு வந்தது, முகவரி வந்தது. மேற்கில் வெறும் வெள்ளை.

"எங்கம்மா அவ?"

இசக்கிசெல்வி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். உள்பக்கங்களைத் திறந்து பார்த்தாள். கருப்பட்டிப் பக்கத்தில் சந்தனமாரி இருந்தார், கற்கண்டுப் பக்கத்திலும் இருந்தார். முகப்பில் மட்டும் இல்லை.

"வீட்டுக்குள்ள எல்லா ரூமுலயும் இருக்கா, வாசல்ல மட்டும் இல்லை" என்றார் தேவதாசன். "கோவிச்சிட்டு உள்ள போயிட்டாளோ?"

அதற்குள் அவளுக்குப் பொறி தட்டியது. அந்தத் தீமில் முகப்புக்கென்று தனியாக ஒரு வரைவு உண்டு. புது அறைக்கு இடம் குறித்தபோது பொது வரைவில் மட்டும் குறித்திருந்தாள். முகப்பு வரைவைத் தொடவே இல்லை. சந்தனமாரியின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, அங்கேயும் இடம் குறித்தாள். சைட் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களை அழித்துவிட்டு, லேப்டாப்பை மறுபடி கல்லாவில் வைத்துத் திறந்தாள். வலது பக்கத்தில் மேற்கு திறந்துகொண்டது.

அண்ணாச்சி திரையையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். படமும் ஆளும் ஒரே பக்கம். அவர் வாயைத் திறப்பதற்குள் தேவதாசன் தன் போனை நீட்டினார்.

"என் போன்ல அடியிலலா கெடக்காவ. அட்ரஸுக்கும் கீழ."

சந்தனமாரி எட்டிப் பார்த்தார். "மறுபடியும் கடலுக்குள்ள தள்ளியாச்சா?"

கூட்டம் சிரித்தது. இசக்கிசெல்வியால் சிரிக்க முடியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது, சென்னை மேனேஜர். ஒலியை நிறுத்திப் பைக்குள் போட்டாள். எந்தப் போனிலும் திரை லேப்டாப்பைவிட ஒடுக்கம். பக்கத்தில் வைக்க இடம் இல்லாததால் வலது அறை நடுவறைக்கு அடியில் போய் விழுந்துவிடும். சென்னையில் என்றால் அப்படியே விட்டிருப்பாள். எல்லாரும் அப்படித்தான் விடுகிறார்கள்.

"அண்ணாச்சி, போன்ல மேக்கு கெடையாது. உச்சியும் அடியும்தான் உண்டு. மதினியை எங்கன வைக்க?"

சிவனணைந்தபெருமாள் தாடையைச் சொறிந்தார். கடை வாசலைப் பார்த்தார், ஓலைப்பெட்டிகளைப் பார்த்தார். "சரக்குக்கு முன்னால வை. எங்க கடையில அவளைத் தாண்டாம யாரு சரக்கு வாங்கிட்டுப் போறா?"

சிறிய திரையில் மேற்கு கடைப் பெயருக்குக் கீழே, சரக்குக்கு முன்னால் வரும்படி மாற்றினாள். தேவதாசன் மறுபடி திறந்து பார்த்துவிட்டு, "இந்தா, நிக்காவ" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, சந்தனமாரியின் போன் கூவியது. முதல் கேள்வி. மும்பையிலிருந்து ஓர் இளம்பெண் குரல்: கருப்பட்டி போட்டால் பால் திரிந்துபோகிறதே, என்ன செய்ய?

சந்தனமாரி போனை வாய்க்குப் பக்கத்தில், கருப்பட்டித் துண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். "கொதிக்க பால்ல கருப்பட்டியப் போட்டா திரியத்தான் செய்யும். கருப்பட்டியத் தனியாத் தண்ணி விட்டுக் காச்சி, வடிச்சு, ஆற விடு. பாலை எறக்கி வச்சுட்டு அப்புறமா ஊத்து. அவசரப்படாத. நீ எந்த ஊருப் பிள்ளளா?"

பதில் வந்தது. சாத்தான்குளம்.

"சாத்தான்குளத்துல யாரு வீடு? ஒங்க அம்மை பேரு என்ன?"

"ஏ, சரக்கு கேட்டாளான்னு கேளு" என்றார் அண்ணாச்சி.

"செத்த இரிங்க, அவ அம்மையோட பேரு கேட்டிருக்கேன்!"

கடையே சிரித்தது. மும்பைப் பெண் கடைசியில் ஒரு பெட்டி கருப்பட்டியும் கேட்டாள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னாள். சிவனணைந்தபெருமாள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். வரிசைக் கடைகள் அத்தனையும் கேட்கக் காத்திருந்த ஒற்றை வார்த்தை.

இசக்கிசெல்வி படி இறங்கும்போது தேவதாசன் கூடவே வந்தார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு தரணும்மா. ஆனா எங்க கடையில மேக்க ஒண்ணும் கெடையாது, வெறும் சொவரு. ஓட்டைப் பாத்திரம் கொண்டு வந்தா ஒட்டுப்போட எங்க கடைப்பையன் ஜெஃப்ரிகிட்டதான் போவாங்க. அவன் வடக்க இருக்கான்."

அப்போதுதான் அந்தக் கேள்வி முதல்முறையாக அவள் வாயில் வந்தது. "ஒங்க கடை எந்தப் பக்கம் பாத்து இருக்கு அண்ணாச்சி?"

தெருவில் நின்றே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"வரலை சார். இங்கயே வேலை கெடைச்சிட்டு. மேக்க கொஞ்சம் இருக்கு, இப்ப வடக்கயும் ஒண்ணு வந்திருக்கு."

"வெஸ்ட்னா? யு.எஸ். கிளையன்டா?"

"அதைவிடக் கொஞ்சம் பக்கம் சார்."

வீட்டுக்கு வந்தவள் அப்பாவின் மேசை முன்னால் நின்றாள். அவர் போனதிலிருந்து அதை யாரும் நகர்த்தவில்லை. கூட்டுகிறபோதும் அம்மா அதைச் சுற்றியே கூட்டிக்கொண்டிருந்தாள். வடக்குச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. எதிரே தெற்கு ஜன்னல்; அங்கே தெரு தெரிந்தது, காற்றும் வந்தது.

"அம்மா, ஒரு கை பிடி. இதைத் தெக்க பாத்துப் போடணும்."

முருகேஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். "தெக்க பாத்து ஒக்காந்தா வேலை பாப்பாங்க?"

"அண்ணாச்சி அப்படி ஒக்காந்துதான் உடன்குடிக் கருப்பட்டி பூராத்தையும் விக்காரு."

அம்மா மேசையின் மேல் ஒரு தடவை கையை ஓட்டினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தாள். "சரி. நீ கீழப்பக்கம் பிடி."

இசக்கிசெல்வி குனிந்து மேசையின் அடியில் கையைக் கொடுத்தாள்.

அம்மா அவளையே பார்த்தாள். "ஏளா, அங்கன குனிஞ்சு என்னத்தத் தேடுத? கீழப்பக்கம்னேன்!"

மேசைக்கு அடியிலிருந்து சிரிப்பு வெடித்து வந்தது. ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் முறைத்துக்கொண்டு நின்ற முருகேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. இருவரும் மேசையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அம்மா மேற்கேயும் மகள் கிழக்கேயும் பிடித்து, மேசையைத் தூக்கி ஜன்னலடியில் கொண்டு வைத்தார்கள்.